அத்தாவின் கம்பி ஆட்டம்

அத்தா, அதாவது என் அப்பா, யாரையோ வைதுகொண்டிருப்பது தெருவிலேயே கேட்டது. "டேய், டேய், அத இழுக்காதடா! அங்கிட்டு நெருப்பு இருக்குல்ல! கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு?" என்று ஒரே சத்தம். முழங்கால் ஆபரேஷன் முடிந்து அவர் வீட்டுக்கு வந்திருந்த நேரம் அது. நடக்கக் கூடாது, படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கத்தக் கூடாது என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. கரண்டு வேலைக்கு யாரோ வந்து எதையோ பிடுங்கிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். அறையில் அத்தாவைத் தவிர ஒருவரும் இல்லை. அவர் கையில் போன் இருந்தது, போனில் ஒரு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

அது போனில் ஆடுகிற ஓர் ஆட்டத்துக்கான விளம்பரம், நீங்களும் பார்த்திருப்பீர்கள். போன் வைத்திருக்கிற யாரும் அதற்குத் தப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு ராஜா சின்ன அறைக்குள் மாட்டிக்கொண்டு கையை உதறுவார். பக்கத்து அறை நிறைய நெருப்பு. அதற்கு மேல் அறையில் தங்கம். நெருப்பு அறைக்குக் கீழே ஒரு பள்ளம். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு கம்பி செருகியிருக்கும். முதலில் நெருப்பைப் பள்ளத்தில் இறக்கிவிட்டு, பிறகு தங்கத்தை இறக்கி, கடைசியில் ராஜாவின் கம்பியை இழுத்தால் தீர்ந்தது சோலி. பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் எங்கிருந்தோ ஒரு வெள்ளைக் கை வரும், வந்து நேராக ராஜாவின் கம்பியைத்தான் முதலில் இழுக்கும். நெருப்பு ராஜாவின் மேல் பாயும். "உங்களால் முடியுமா?" என்று கேட்டுவிட்டு விளம்பரம் முடியும்.

"நேத்தும் இதே தப்பத்தான் பண்ணான், பாப்பா. காலைலயும் இதேதான். ஒரு மனுசனுக்கு எத்தன தடவ சொல்றது?" என்றார் அத்தா. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அந்த வெள்ளைக் கைக்குச் சொந்தக்காரன் மட்டும் எதிரே நின்றிருந்தால் அத்தா அவனுக்கு புத்தி சொல்லியிருக்க மாட்டார், அடிதான் கொடுத்திருப்பார்.

இதில் என் பங்கும் உண்டு. அதுவரை அவருக்குப் போன் என்றால் பேசுவதற்கு மட்டும்தான். படுத்தே கிடக்கிறாரே என்று என் பழைய போனைக் கொடுத்து, காய் விலை, மிளகு விலை சொல்கிற வீடியோக்களைப் பார்க்கப் பழக்கினேன். எங்கள் ஊரில் காய் என்று மொட்டையாகச் சொன்னால் அது ஏலக்காய்தான். விலை சொல்கிறவர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் விளம்பரம் வந்துவிடும். அதைத் தாண்டிப் போகிற பொத்தானையும் காட்டிக் கொடுத்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. ஒருத்தன் நம்மை உட்கார வைத்துச் சரக்கைக் காட்டும்போது பாதியில் எழுந்து போவது மரியாதை இல்லையாம்.

அத்தா ஏலக்காய்க் கடைக்காரர். இப்போது கணக்கும் கம்ப்யூட்டர் ஏலமும் என் பொறுப்பு என்றாலும், காயைக் கையில் எடுத்துப் பார்த்து விலை சொல்வது அவர்தான். இந்தத் தொழிலில் மூட்டையை முழுக்கப் பிரித்து யாரும் பார்ப்பதில்லை. சாம்பிள் பார்ப்பதோடு சரி. ஏல மையத்தில் சின்னப் பொட்டலம் கைக்கு வரும். வியாபாரிகள் அதை உள்ளங்கையில் கொட்டி நிறம் பார்ப்பார்கள், ஒன்றிரண்டை உரித்து மோந்து பார்ப்பார்கள், மிச்சத்தைக் காலடியில் உதறிவிட்டு விலை போடுவார்கள். அங்கே போய்விட்டு வந்தால் என் செருப்புகூட ஏலக்காய் மணக்கும். அந்த ஒரு கைப்பிடியை நம்பித்தான் லோடு லோடாகச் சரக்கு கைமாறுகிறது. "சாம்பிள் ஒத்துப்போகுது" என்று வாங்கியவர் சொல்லிவிட்டால் வியாபாரம் முடிந்தது. சாம்பிள் ஒரு தினுசு, மூட்டை ஒரு தினுசு என்று ஆகிவிட்டால் அந்த ஆளோடு அப்புறம் ஒருத்தரும் டீ குடிக்கக்கூட வர மாட்டார்கள். அத்தாவின் சரக்கு ஒரு தடவைகூட ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்ததில்லை. வீட்டில் எந்தப் பேச்சை எடுத்தாலும் அவர் இதில் கொண்டுவந்து முடிப்பதால் எனக்கு இது மனப்பாடம்.

ஆக, அவர் விளம்பரத்தை விளம்பரமாகப் பார்க்கவில்லை. சாம்பிளாகப் பார்த்தார். கையில் கொட்டிப் பார்த்தாகிவிட்டது, சரக்கு சுத்தம், மூட்டை பிரிக்க வேண்டியதில்லை. ஆட்டத்தைப் போனில் இறக்குவதற்கு முன்னாலேயே ஊருக்கெல்லாம் அதைச் சிபாரிசு செய்துவிட்டார். முழங்காலை நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் அந்த ஆட்டத்தின் பெயரோடுதான் திரும்பிப் போனார்கள். விடிந்ததும் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற ஜீப்பு டிரைவர் எங்கள் தெருக்காரர்தான். அவரிடம் சொன்னதால் ஜீப்பில் போகிறவர்கள் அத்தனை பேருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது.

எல்லோரையும்விட முக்கியமான ஆளுக்கு அத்தாவே போன் போட்டார். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர். அத்தாவின் வாலிப காலத்துச் சிநேகிதர். அவர் கோயிலுக்கும் இவர் பள்ளிவாசலுக்கும் போனாலும் ஒருவரை ஒருவர் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர் காய் கொண்டுவந்தால் ஒரு கைப்பிடியை எடுத்து அத்தாவின் கையில் வைப்பார். அத்தா ஒரு விலை சொல்வார். அவ்வளவுதான், பேரம் என்ற பேச்சே கிடையாது.

"நல்ல சரக்கு மாப்ளே. நானே பாத்துட்டேன். கண்ண மூடிக்கிட்டு எறக்கு" என்றார் அத்தா.

தோட்டக்காரர் வீட்டில் சிக்னல் கிடையாது. காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் கிடைக்கும். அன்று மழை வேறு. மாப்ளே சொல்லிவிட்டாரே என்று அந்த மனிதர் குடையைப் பிடித்துக்கொண்டு பாறை மேல் நின்று ஆட்டத்தை இறக்கியிருக்கிறார். அது இறங்கி முடிப்பதற்குள் அட்டைகள் அவர் காலில் ஏறி முடித்துவிட்டன.

எங்கள் வீட்டில் அதே சாயங்காலம் நான் அத்தாவின் போனில் ஆட்டத்தை இறக்கிக் கொடுத்தேன். திறந்ததும் ஒரு தோட்டம் வந்தது. இடிந்த வீடு ஒன்று வந்தது. மீசைக்காரர் ஒருவர் குனிந்து வணக்கம் சொல்லி, கலர் கலரான பழங்களைக் காட்டி, ஒரே ஜாதிப் பழத்தை வரிசையாகச் சேர்க்கச் சொன்னார். சேர்த்ததும் வீட்டுக்கு எந்த சோபா வேண்டும் என்று கேட்டார்.

"ராஜா எங்க?" என்றார் அத்தா.

"வரலைத்தா."

"நெருப்பு?"

"அதுவும் இல்ல. இந்த வெளம்பரமெல்லாம் சும்மா. ஆள இழுக்கறதுக்கு ஒண்ணக் காட்டுவாங்க, உள்ள வேற ஒண்ணு இருக்கும். உலகத்துக்கே தெரியும்."

அத்தா நம்பவில்லை. மூட்டையின் மேல்வாயில் நல்ல காயைப் போட்டு அடியில் சொத்தையைத் தள்ளுகிற ஆட்களை அவர் ஏகமாகப் பார்த்திருக்கிறார். இந்த ஆட்டக்காரன் புத்தியில்லாமல் மேலே சொத்தையைப் போட்டு அடியில் நல்லதை வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினார். ராஜா அடியில் கிடைப்பார் என்று பழத்தை அடுக்க ஆரம்பித்தார். அடுக்கினார், அடுக்கினார், அப்படி அடுக்கினார். சோபா வந்தது, விளக்கு வந்தது, தண்ணீர் பீய்ச்சுகிற தொட்டி வந்தது. ராஜா மட்டும் வரவில்லை. இதற்கிடையில் அம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அந்த ஊதாத் திரை வேணாங்க, பச்சையப் போடுங்க" என்று ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் போன் அம்மா கைக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டு ஜன்னலுக்குத் திரை மாற்ற வருஷக்கணக்காகக் கேட்டும் கிடைக்காத மனுஷி, போனுக்குள் இருந்த வீட்டை அரண்மனையாக்கிக்கொண்டிருந்தார். சரக்கு நல்ல சரக்குதான், எதற்கு இப்படி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள் என்று அத்தாவையே கேட்டார்.

"நல்ல சரக்கா இல்லையாங்கறது இல்ல பேச்சு. காட்டினது வேற, குடுத்தது வேற" என்றார் அத்தா.

தெரு முழுக்க அதே பேச்சாகத்தான் இருந்தது. ஜீப்பு டிரைவர் ஒவ்வொரு நாளும் எங்கள் வாசலில் வண்டியை மெதுவாக்கி, ஹாரன் அடித்து, "பாய், ராஜா வந்துட்டாரா? எனக்கு இன்னும் கட்டில்தான் வந்திருக்கு!" என்று கத்திவிட்டுப் போனார். ஜீப்புக்குள் இருந்த பெண்கள் சிரிக்கிற சத்தம் வளைவு திரும்பும் வரை கேட்டது. அத்தா அதற்கெல்லாம் அசரவில்லை. ஹாரனுக்குப் பதிலாக ஒரு வசவு கொடுத்து அனுப்பினார். இருவருக்கும் அது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது.

தோட்டக்காரர் வந்த அன்றுதான் விஷயம் வேறாகிப்போனது. கையில் துணிப்பை, காலில் அட்டை கடித்த தழும்பு. தழும்பை முதலில் காட்டினார். "வெறுதே பாற மேல ஏறி ரத்தம் குடுத்துட்டு வந்தேன் மாப்ளே" என்றார். மலை மேலேயே இருந்து அவர் பேச்சில் மலையாளமும் கலந்துவிட்டது, வெறுதே என்றால் சும்மா வீணாக என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தோம். அத்தா வழக்கம்போல் உள்ளங்கையை நீட்டினார். தோட்டக்காரர் பையின் சுருக்கை அவிழ்க்கவில்லை.

"இருக்கட்டும் மாப்ளே. இந்தத் தடவ இன்னொரு எடத்துலயும் காட்டிக் கேட்டுட்டு வர்றேன். கண்ண மூடிக்கிட்டு எறக்குன்னு சொன்ன ஆளாச்சே நீ!" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார். பையும் அவரோடு போயிற்று.

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று அம்மா சொன்னார். இருக்கலாம். ஆனால் நீட்டிய கை நீட்டியபடி இருந்ததை நான் பார்த்தேன். எனக்கு அந்த மனிதர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு பிசாத்து விளம்பரத்துக்காக இத்தனை வருஷத்துப் பழக்கத்தை இப்படியா பேசுவது? அத்தா அன்று காய் விலை வீடியோகூடப் பார்க்கவில்லை. அவர் கத்தாமல் இருந்தது எனக்குப் பொறுக்கவே முடியவில்லை.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, ஆட்டக்காரனுக்குப் புகார் எழுத வேண்டும் என்றார். ஆட்டத்தைப் பற்றிக் கருத்து எழுதுகிற இடத்தில் அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். "ஐயா, தாங்கள் காட்டிய சாம்பிளும் அனுப்பிய சரக்கும் ஒத்துப்போகவில்லை. சாம்பிளில் கண்டது ராஜா, நெருப்பு, தங்கம், கம்பி. சரக்கில் வந்தது பழம், சோபா, ஜன்னல் திரை. சாம்பிள்படி சரக்கு அனுப்பவும். இல்லையேல் அனுப்பியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும்." கீழே கடை முத்திரை வைக்கச் சொன்னார். போனில் முத்திரை வைக்க முடியாது என்பதை அவருக்குப் புரிய வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பதில் உடனே வந்துவிட்டது. தங்கள் அன்புக்கு நன்றி என்றும், ஐந்து நட்சத்திரம் கொடுத்து உற்சாகப்படுத்துங்கள் என்றும் இருந்தது. பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

"அன்பா? நான் எங்க பாப்பா அன்பா எழுதினேன்?" என்றார் அத்தா.

அந்த விளம்பரத்தின் மேலேயே புகார் கொடுக்கிற வழி ஒன்று இருந்தது. அதையும் கண்டுபிடித்து, தவறாக வழிநடத்துகிறது என்ற இடத்தை அழுத்தினேன். விளம்பரம் நின்றுவிட்டது. அத்தாவுக்கு முகம் தெளிந்து, அன்றைக்கு இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டார். கொஞ்ச நாள் கழித்து அதே விளம்பரம் திரும்பி வந்தது. இந்தத் தடவை ராஜாவுக்குப் பதில் ஒரு ஆட்டுக்குட்டி. அதே நெருப்பு, அதே கம்பி, அதே வெள்ளைக் கை. "சாக்க மாத்திட்டான், காய் அதேதான்" என்று சொல்லிவிட்டு அத்தா போனைக் கவிழ்த்து வைத்தார்.

பிறகு சிலமலை கிராமத்துக்கு ஆள் விட்டு, எங்கள் கடைக்குச் சல்லடைச் சட்டம் அடித்துக் கொடுக்கிற ஆசாரியை வரவழைத்தார். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். கேட்டதற்கு, "அவன் குடுக்க மாட்டான். நல்ல சரக்குன்னு சொன்னவன் நான்தான? நான் குடுக்கறேன்" என்றார். எங்கள் தொழிலில் அது நியாயம்தான். சரக்கு ஒத்துப்போகாவிட்டால், விளைவித்தவன் வராவிட்டாலும் வாக்குக் கொடுத்தவன் நிற்க வேண்டும். ஆனால் ராஜாவையும் நெருப்பையும் எங்கே போய் வாங்குவார் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

ஆசாரி கொண்டுவந்த பெட்டியைப் பார்த்ததும் புரிந்தது. முன்பக்கம் கண்ணாடி போட்ட பலகைப் பெட்டி. உள்ளே அறை அறையாகத் தடுப்பு. குடைக்கம்பியில் தகடு ஒட்டி, வெளியிலிருந்து இழுக்கிற மாதிரி செருகியிருந்தார். ராஜா எங்கள் வீட்டுச் செஸ் பலகையிலிருந்து வந்தார். நெருப்புக்கு மிளகு. தங்கத்துக்கு நல்ல பருமனான போல்டு ரகக் காய், கிளிப்பச்சையில், ஒவ்வொன்றாக அத்தாவே பொறுக்கியது. நெருப்பு அறையின் அடியில் ஒரு கம்பி, அதற்குக் கீழே காய் தரம் பிரிக்கிற சல்லடை வலை. கம்பியை இழுத்தால் மிளகு வலை வழியே கீழ்த் தட்டில் கொட்டிவிடும். அப்புறம் தங்கத்தை இறக்கினால் பருங்காய் வலை மேலேயே நின்றுவிடும். எனக்கே ஆசையாக இருந்தது. அம்மா மட்டும் சமையலறை மிளகை எடுத்ததற்குச் சண்டை பிடித்தார். சண்டை முடிந்ததும் ராஜாவின் அறைக்குப் பச்சையில் ஒரு குட்டித் திரை தைத்து மாட்டினார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார் அத்தா. ஜீப்பு டிரைவர் வண்டியை வாசலிலேயே போட்டுவிட்டு முதல் ஆளாக வந்தார். நலம் விசாரித்துவிட்டு ஆட்டத்தோடு போனவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். தோட்டக்காரர் வருவாரா என்று அத்தா கேட்கவில்லை, ஆனால் கண் வாசலை விட்டு நகரவில்லை. கடைசியில் அவரும் வந்தார். மடியில் அதே துணிப்பை, சுருக்குப் போட்டபடி. ஓர் ஓரமாக உட்கார்ந்தார்.

அத்தா தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் சொன்ன சரக்கு இதுதான். காட்டினவன் அனுப்பல. அதனால நான் செஞ்சு வச்சிருக்கேன். எல்லாரும் ஆளுக்கு ஒரு ஆட்டம் ஆடலாம். மொதல்ல நான் ஆடிக் காட்டறேன், நல்லா பாத்துக்கங்க" என்றார். ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியின் முன்னால் குனிந்தார். அவர் கை மெல்ல முன்னால் போயிற்று.

போன கை ராஜாவின் கம்பியை இழுத்துவிட்டது.

மிளகு அத்தனையும் சரசரவென்று சரிந்து ராஜாவை மூடிற்று. அம்மாவின் பச்சைத் திரையும் உள்ளே போய்விட்டது. கிரீடத்தின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை, அத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு யாருக்கும் சிரிக்கத் துணிவு வரவில்லை. எத்தனை நாள் அந்த வெள்ளைக் கையைக் கண் அவிந்த கை, அறிவுகெட்ட கை என்று வைதிருப்பார்! இப்போது தன் கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவன் உள்ள மாட்டிக்கிட்டு நிக்கறானேன்னு இருந்துச்சு. மொதல்ல ஆள வெளிய எடுத்துருவோம்னு கை போயிருச்சு" என்றார் மெதுவாக.

தோட்டக்காரர் எழுந்து வந்தார். கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு, காயைப் பார்ப்பது மாதிரியே நிதானமாக எல்லாவற்றையும் பார்த்தார். கம்பியைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், புதைந்துபோன ராஜாவைப் பார்த்தார்.

"மாப்ளே, வெளம்பரத்துலயும் மொத இந்தக் கம்பியத்தான இழுத்தான்?"

"ஆமா."

"ராஜா செத்துட்டான்ல?"

"செத்துட்டான்."

"அப்ப சாம்பிள் ஒத்துப்போகுது" என்றார் தோட்டக்காரர்.

அதற்குப் பிறகு சிரித்த சிரிப்பில் ஜீப்பு டிரைவருக்குப் புரை ஏறிவிட்டது. அம்மா தண்ணீர் கொண்டுவர ஓடினார். அத்தாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். தோட்டக்காரர் துணிப்பையின் சுருக்கை அவிழ்த்து, ஒரு கைப்பிடி காயை அள்ளி அத்தாவின் உள்ளங்கையில் வைத்தார்.

அத்தா ஒரு காயை உரித்து மோந்து பார்த்தார். ஒரு விலை சொன்னார். தோட்டக்காரர் சரி என்றுகூடச் சொல்லவில்லை. பையை என் பக்கம் தள்ளிவிட்டு, பெட்டியைத் தன் முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, மிளகைத் தட்டி ராஜாவை வெளியே எடுத்தார்.